பதினெட்டு இஞ்சும் பத்து இஞ்சும்

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். திருப்பூர்ல இருந்து இந்த வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம். இந்த சோபாவுல, என்ற பக்கத்துல உக்காருங்க.

இதுதானுங்க அந்த சப்வூஃபர், கனத்த சத்தத்துக்குன்னே செஞ்ச ஸ்பீக்கர் பெட்டி. போட்டோவுல பாத்ததை விடப் பெருசா இருக்குதில்ல? எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. பதினெட்டு இஞ்சு. மாடிக்கு ஏத்தறப்பக் கதவைக் கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள கொண்டாந்தது. ரெண்டு ஆளு தூக்க முடியாதுங்க, நாலு ஆளு வேணும். நீங்க ஒத்தையா வந்திருக்கீங்க.

என்ன சொன்னீங்க? சத்தமாச் சொல்லுங்க தம்பி. இந்தக் காலத்துப் புள்ளைக எல்லாம் வாய்க்குள்ளயே பேசிக்கறீங்க. ஓ, போட்டுக் காட்டோணுமா? காட்டறேன். போட்டுக் காட்டாம விப்பனா? ஆனா இப்ப முடியாது, கொஞ்சம் பொறுங்க. அதுக்குள்ள ஏன் விக்கறேன்னு சொல்லிப்போடறேன். இல்லைன்னா காயில் போயிருக்கும், முன்னால ஆடற காயிதக் கோன் கிழிஞ்சிருக்கும், அதான் நம்ம தலையில கட்டறான்னு நீங்க நினைப்பீங்க. பெட்டி நல்லாத்தான் இருக்குதுங்க. கெட்டுப்போனது என்ற மச்சினன்.

சென்னியப்பன்னு பேரு. என்ற சம்சாரம் துளசிமணியோட தம்பி. சூலூர்ல இருக்கறான், மோட்டார் பம்பு கம்பெனில டிசைன் செக்சன். பம்பு டிசைன் பண்ணறவன் பம்போட நிக்கோணுமா இல்லையா? வூஃபர்ல வந்து மூக்கை நுழைச்சான். அக்கா வீட்டுக்காரன் ஒரு நல்ல பொருள் வெச்சிருக்கறது அவனுக்குப் பொறுக்கலை, வேறென்ன.

நான் மில்லுல, நூல் முறுக்கற ரிங் ஃப்ரேம் மிஷினுக்கு மேஸ்திரிங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் அந்த மிஷினுகளுக்கு நடுவுலதான் நின்னேன். சில பேரு காதுல பஞ்சு வெச்சுக்குவாங்க, பயந்தாங்கொள்ளிக. நான் ஒரு நாளும் வெச்சதில்லை. எந்த ஸ்பிண்டில் சரியில்லைன்னு சத்தத்தை வெச்சே சொல்லுவேன். அப்பேர்ப்பட்ட காதுங்க இது. ரிட்டயர் ஆனதுக்கப்பறம் பீளமேடு, சிங்காநல்லூர், எங்க பாத்தாலும் வீட்டுல ஓம் தியேட்டர் மாட்டோணும்னா என்னையத்தான் கூப்புடுவாங்க. அதை மனசுல வெச்சுக்கங்க.

இப்ப இந்தப் பெட்டியைப் பாருங்க. அடியில கை நுழையற அளவுக்கு ஓட்டை இருக்குதில்ல, அதுதான் போர்ட். கோன் முன்னால தள்ளற காத்து பத்தாதுன்னு, பின்னால இருக்கற காத்தும் அந்த ஓட்டை வழியா வெளிய வரும். சினிமாவுல மலை சரியுதுன்னா இந்த சோபா சரியும். எலிகாப்டர் வந்துச்சுன்னா நெஞ்சுக்குள்ள வந்து எறங்கும். அந்தக் கனத்த சத்தந்தான் பேஸுங்க; காதால கேக்கறது எல்லாம் ஒரு பேஸாங்க? பேஸுன்னா ஒடம்புல ஏறோணும்.

என்ற மச்சினன் வெச்சிருக்கறது பத்து இஞ்சு. மூடுன பெட்டி, ஓட்டையே கெடையாது. உள்ள அடைபட்ட காத்தே ஸ்பிரிங் மாதிரி கோனைப் புடிச்சு நிறுத்தும், அடி விழுந்ததும் டக்குனு நின்னுரும், பாட்டுக் கேக்கறவங்களுக்கு அதுதான் சரின்னு சொல்லுவான். தவில் கச்சேரி ஒண்ணைப் போட்டுவிட்டு, "பாருங்க மாமா, ஒவ்வொரு அடியும் தனித்தனியா வருது, உங்க பெட்டியில எல்லாம் ஒண்ணாக் கொழைஞ்சு போயிருது"ம்பான். ஆனை படுத்தாலும் குதிரை மட்டம்டா மாப்ளேன்னேன். கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுங்க மாமான்னான். இப்படியே சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தோமுங்க. நல்லாத்தான் இருந்துச்சு.

துளசிமணிக்கு இந்தப் பெட்டி ஆரம்பத்துல இருந்தே ஆகாது. அடுப்படியில பாத்திரம் ஆடுதும்பா. சாமி படம் கோணிப்போச்சும்பா. நான் கூப்புட்டா உங்களுக்குக் கேக்கறதில்லைம்பா. அவ கொரல் கீச்சுக்கொரலுங்க. அதை வெச்சுக்கிட்டுக் கீழ இருந்து மாடிக்குக் கூப்புட்டா எப்படிக் கேக்கும்? உங்களுக்குத்தான் கேக்குமா? கொஞ்சம் கட்டைக்கொரல்ல கூப்புடுன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கறேன். கேக்கறதே இல்லை.

டிவியில நியூஸ் படிக்கற புள்ளையும் அப்படித்தான் முணுமுணுங்குது. படத்துல வசனமே சரியாப் பதிவு பண்றதில்லை இப்பெல்லாம். வெடியும் இடியும் மட்டும் சுத்தமாப் பதிவாகுது. அதான் நான் சினிமாவுக்குன்னு செஞ்ச பெட்டியா வாங்குனேன். தப்பாங்க?

சரி, தை மாசம் நடந்ததைச் சொல்றேன். அதைச் சொல்லாம விட்டா நான் எதையோ மறைக்கறேன்னு ஆயிரும். ஒரு மத்தியானம் நான் இங்க படம் பாத்துட்டு இருந்தேன். கப்பல் முழுகற படம், பேஸுக்குன்னே எடுத்தது. கீழ பாத்ரூம்ல அவ வழுக்கி விழுந்துட்டா. இடுப்புக்குக் கீழ அசைக்க முடியலை, தொடை எலும்புல விரிசல். கூப்புட்டிருக்கறா. பக்கெட்டை எடுத்துச் செவுத்துல அடிச்சிருக்கறா. எனக்கு எங்க தெரியும், இங்க கப்பல் முழுகிட்டு இருக்குது. படம் முடிஞ்சுது, பசிச்சுது, சோறு போடுன்னு கேக்கக் கீழ எறங்குனேன். அப்பத்தான் பாத்தேன். ஈரத்துல கெடக்கறா. தொண்டை கட்டிப்போயிக் காத்துதான் வருது.

பாருங்க, நான் என்ன வேணும்னா பண்ணுனேன்? தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது யாரு? ரெண்டு நாள் பச்சத்தண்ணி குடிக்காமக் கெடந்தது யாரு? ஆனா சென்னியப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தவன் அக்காளைப் பாத்தான், என்னையப் பாத்தான், ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். கட்டுப்போட்டதும் சூலூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அவ போறேன்னுட்டா. என்ற வீட்டை விட்டு, ஏறுன காருல, திரும்பிக்கூடப் பாக்கலை.

அப்பறம் என்னையக் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனான். சும்மா ஒரு செக்கப் மாமான்னான். காதுல எதையோ மாட்டி, சத்தம் கேட்டாப் பட்டனை அமுக்குங்கன்னாங்க. அப்பறம் ஒரு பேப்பர்ல கோடு போட்டுக் குடுத்தாங்க. பேப்பரோட இடது பக்கம் கோடு நேராப் போவுது, வலது பக்கம் போகப்போகக் கெணத்துல எறங்கற மாதிரி சடார்னு எறங்குது. இடது பக்கம் என்னங்க டாக்டர்னேன். கனத்த சத்தம், அது உங்களுக்கு ஓரளவு நல்லாவே கேக்குதுன்னாரு. கேட்டுக்கடா மாப்ளேன்னேன். பேஸ் எனக்கு நல்லாக் கேக்குதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. மிச்சக் கோட்டைப் பத்தி அவரு கீச்சுச் சத்தம் அது இதுன்னு என்னமோ சொல்லிட்டு இருந்தாரு, அவரும் முணுமுணுங்கற ஆளு. கடைசியில காதுக்கு மிஷின் வெக்கோணுமாம். ஊருக்கே சப்வூஃபர் மாட்டிக் குடுத்தவன் காதுல மிஷின் மாட்டிக்கிட்டுப் போனா எவனுங்க கூப்புடுவான்? வேட்டியை உதறிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

அதைக் கேட்டுட்டுத் துளசிமணி சூலூர்ல இருந்தே சொல்லிவிட்டா, மிஷின் வெச்சாத்தான் வருவேன்னு. இத்தனை வருசம் குடும்பம் நடத்துனவ போடற கண்டிசனாங்க இது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என்ற காதுல கோளாறு இல்லைன்னு அவ கண்ணு முன்னாலயே காட்டிப்போடறேன்னு கெளம்புனேன். இந்தப் பதினெட்டு இஞ்சைக் கதவு கழட்டி எறக்கி, குட்டியானை வண்டி புடிச்சு, சூலூருக்கே ஏத்திட்டுப் போனேன்.

போட்டி வெச்சோமுங்க. நடுவுல கயித்தைக் கட்டிப் பெட்சீட்டைத் தொங்கவிட்டு, பெட்சீட்டுக்குப் பின்னால ரெண்டு பெட்டியும். எது பாடுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. ரெண்டும் ஒரே சத்தத்துல இருக்கோணும், இல்லைன்னா எது சத்தமோ அதுதான் நல்லதுன்னு மனசு சொல்லும்னு சென்னியப்பன் மீட்டர் வெச்சுச் சரிபண்ணுனான். அது நாயந்தான், ஒத்துக்கறேன். நான் செவுத்தோரமா முதுகைச் சாய்ச்சு உக்காந்தேன். துளசிமணி கால்ல கட்டோட எதிர்ல. சென்னியப்பன் பொண்டாட்டி சமையக்கட்டுல இருந்தா.

மொதல் தடவை போட்டான். பத்து இஞ்சுன்னேன், சரி. ரெண்டாந்தடவை போட்டான். பதினெட்டுன்னேன், சரி. என்ற சம்சாரத்தைப் பாத்து எப்படின்னு தலையாட்டுனேன். மூணாவது தடவை வந்துச்சு பாருங்க. பூமிக்குள்ள இருந்து வந்துச்சு. முதுகுல ஏறி நெஞ்சுக்கு வந்துச்சு, கொஞ்சங்கூட அசையாம, ஒரே சீரா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். இதுதாண்டா மாப்ள பதினெட்டு இஞ்சு, உன்ற டப்பா ஏழு ஜென்மம் எடுத்தாலும் இது வராதுன்னு, ஒரு பேச்சே பேசுனேன். போர்ட்டைப் பத்தி, காத்தைப் பத்தி, எல்லாத்தையும் வெளக்கமாச் சொன்னேன்.

கண்ணைத் தொறந்தா, சென்னியப்பன் பெட்சீட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒயரைக் கையில வெச்சுக்கிட்டே எட்டிப் பாக்கறான். மாத்திக் குடுக்கறதுக்காக ரெண்டு பெட்டியையும் நிறுத்தி வெச்சிருந்தானாம். எதுவுமே பாடலையாம். சமையக்கட்டுல அவன் பொண்டாட்டி மாவாட்டப் போட்டிருக்கறா. நான் சாஞ்சிருந்த செவுத்துக்கு அந்தப் பக்கம் கிரைண்டருங்க.

அவன் புள்ளைக ரெண்டும் பொத்துக்கிட்டுச் சிரிச்சுதுக. ஏனுங்க, நான் கேக்கறேன், கிரைண்டரும் மோட்டாருதானுங்க? கோயமுத்தூருல கிரைண்டர் சத்தம் பேஸ் இல்லைன்னு எவனாச்சும் சொல்லச் சொல்லுங்க பாப்பம். நான் சொன்னதுல என்ன தப்பு? சுத்தமான பேஸ், அதைச் சுத்தமான பேஸுன்னு சொன்னேன்.

ஆனா துளசிமணி சிரிக்கலைங்க. புள்ளைகளைப் பாத்து, "சிரிக்காதீங்க"ன்னா. அவ்வளவுதான். அவ சிரிச்சிருந்தாலே பரவால்லை தம்பி. மாமியார் வீட்டுச் சனம் முன்னால என்ற பொண்டாட்டி எனக்காகப் பரிஞ்சு பேசற நெலமைக்கு வந்துட்டேனேன்னு அதுதான் உள்ள போயி அறுத்துச்சு. பெட்டியை அங்கயே போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். பொறகு குட்டியானை அனுப்பித்தான் இதைத் திரும்பக் கொண்டாந்தேன்.

அதுக்கப்பறம் கொஞ்ச நாள் தனியாச் சமைச்சேன், தனியாப் படம் பாத்தேன். இந்தச் சோபாவுல ஒத்தையா உக்காந்து எவ்வளவு நேரந்தான் மலை சரியறதைப் பாக்கறது? சோறு வெந்துச்சான்னு பாக்கக்கூட எந்திரிக்கப் பிடிக்காது. நீங்களும் வூஃபர் வாங்கறீங்க, சொல்லி வெக்கறேன், பொண்டாட்டி இல்லாத வீட்டுல இதுல ஒரு சொகமும் இல்லை. கலியாணம் ஆகலைன்னா அது வேற.

போன வாரம் சென்னியப்பன் வந்து நின்னான். கையில அந்தப் பத்து இஞ்சோட டிரைவர், அதான் கோனும் காயிலும் மட்டும், பெட்டியில இருந்து தனியாக் கழட்டி. மாமா, உங்களுக்குக் கனத்த சத்தம் நல்லாக் கேக்குதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு, அப்ப அக்கா அந்தச் சத்தத்துலயே உங்களைக் கூப்புடட்டும்னான். எப்படின்னேன். சோபாவுக்கு அடியில ஒரு மூடுன பெட்டி. கீழ சமையக்கட்டுல ஒரு சுவிட்சு, பாத்ரூம்ல ஒரு சுவிட்சு. அமுக்குனா சோபாவுக்குள்ள ஒரு குத்து விழும். என்னைய என்ன மாடுன்னு நினைச்சியா, தட்டி எழுப்பறதுக்குன்னு கத்துனேன். சுவிட்சை அமுக்குனா எரியற மாதிரி ஒரு லைட்டைப் போட்டுட்டுப் போவியான்னேன். லைட்டுப் போட்டாப் படம் பாக்கறப்பத் தொந்தரவுன்னு நீங்களே கருப்பு டேப்பை ஒட்டிப்போடுவீங்க மாமாங்கறான். அது, உள்ளதுதான்.

நான் கத்தக் கத்த எல்லாத்தையும் மாட்டி முடிச்சு, என்னைய உக்காரவெச்சு ரெண்டையும் கம்பேர் பண்ணிக் காட்டுனான். படம் ஓடறப்பப் பதினெட்டு இஞ்சு வழியாவே குத்து அனுப்புனான். எனக்கு ஒண்ணும் தெரியலை. எது படத்துல வெடிக்கறது, எது என்னையக் கூப்புடறது, எல்லாம் ஒரே பொங்கலாக் கெடக்குது. பெரிய கோன் மேல தப்பில்லைங்க மாமா, நல்லாச் செஞ்சா பதினெட்டும் டக்குனு நிக்கும், உங்க பெட்டி அடி முடிஞ்சும் ஊதிட்டே இருக்கறதுக்குன்னு செஞ்சது, இந்த ரூமும் கூடச் சேந்துக்கிட்டு ஊதுதுன்னான். அப்பறம் பெருசை நிறுத்திட்டுப் பத்து இஞ்சுல அனுப்புனான். தட். தட். அவ்வளவு சுத்தமா, தவில் அடி மாதிரி. எண்ணலாமுங்க. ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு எனக்கு. அவன் சொன்னது சரின்னு தெரியறப்ப வர்ற ஆத்திரம் இருக்குது பாருங்க, அதுக்கு மருந்தே கெடையாது.

ரெண்டும் ஒரே ரூம்ல இருக்க முடியாது மாமா, பெருசு ஓடுனா சிறுசு காணாமப் போயிரும்னான். அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ போடான்னு அனுப்பிட்டேன். பெருசோட ஒயரை மட்டும் கழட்டி வெச்சேன். ஒரு சோதனைக்குத்தான். ஆடியோக்காரன்னா எதையும் சோதிச்சுப் பாக்கோணும்.

அவன் போனதுக்கப்பறம் கீழ போயிப் பாத்ரூம் சுவிட்சைப் பாத்தேன். தரையில இருந்து ஒரு சாண் ஒசரத்துல வெச்சிருக்கறான். எவனாச்சும் சுவிட்சை அங்க வெப்பானா, கூறுகெட்டவன்னு திட்டுனேன். திட்டிட்டு இருக்கறப்பத்தான் தெரிஞ்சுது, விழுந்து கெடக்கறவளுக்கு அங்கதான் எட்டும். வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேனுங்க.

சென்னியப்பன் சுவிட்சைப் பத்திச் சொன்னதைக் கேட்டுட்டு நேத்து அவ வந்துட்டா. கம்பு ஊணி நடக்கறா. மிஷின் வெக்கலையேன்னு ஒரு பார்வை பாத்தா, சண்டை போடலை. கணக்குச் சொன்னா. ஒண்ணு அடிச்சா, குளிச்சு முடிச்சு வெளிய வந்துட்டேன். ரெண்டு அடிச்சா, சாப்புட வாங்க. மூணு அடிச்சா, விழுந்துட்டேன்.

இன்னிக்குக் காலைல நான் இதே எடத்துல உக்காந்து படம் பாத்துட்டு இருக்கறேன். தட், தட், தட். மூணு. எப்படிப் படி எறங்குனேன்னு எனக்கே தெரியலை தம்பி. வேட்டி தடுக்குச்சு, அவுத்து எறிஞ்சுட்டு ஓடுனேன். முட்டியில பாருங்க, சிராய்ப்பு. பாத்ரூம் கதவைத் தள்ளுனா, அவ கம்பை ஊணிக்கிட்டுச் சும்மா நிக்கறா. சோதிச்சுப் பாத்தாளாம்.

வந்துச்சு பாருங்க கோவம். ஓடற வயசா இது எனக்கு, நெஞ்சு நின்னுபோயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெருவே கேக்கறாப்பலக் கத்துனேன். அவ மொதல்ல என்ற முட்டியில ரத்தத்தைப் பாத்தா. அப்பறம், எனக்குக் கேக்கற மாதிரி கிட்ட வந்து நின்னு சொல்றா, "அன்னிக்கும் கேட்டிருந்தா இப்படித்தான் வந்திருப்பீங்க. எனக்குத் தெரியுமுங்க."

ஏனுங்க தம்பி, அப்படிச் சொன்னா நான் என்னங்க பண்றது? ஏன் வரலைன்னு திட்டியிருந்தா பதிலுக்குத் திட்டியிருப்பேன். மேல ஏறி வந்து இந்தப் பெட்டியைப் பாத்தேன். ஒயர் மட்டும் சொருகியிருந்தா? அந்த மூணும் இந்த இரைச்சலுக்குள்ள போயிருக்கும். நான் எலிகாப்டர் வந்துச்சுன்னு சந்தோசமா உக்காந்திருப்பேன். இத்தனை நாளா நீங்க கேட்டப்பெல்லாம் இது விக்கறதுக்கில்லைன்னு சொன்னவன், காலைல நானே போன் போட்டு இன்னிக்கே வாங்கன்னேனில்ல, அதுக்குத்தான்.

சென்னியப்பன் சொன்னதுக்காக விக்கலைங்க. அதைத் தெளிவாப் புரிஞ்சுக்கங்க. அவனைப் பாத்தாலும் சொல்லுங்க. காது மிஷினும் வெக்கப்போறதில்லை. பாக்கலாம். இப்ப வெக்கப்போறதில்லை.

என்னங்க? திரும்பவும் போட்டுக் காட்டறதா? அட, அதுக்குத்தான தம்பி இத்தனை நேரம் பேசிட்டு இருக்கறேன். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் துளசிமணி குளிக்கப் போனா. அவ குளிச்சிட்டு இருக்கறப்ப இதை எப்படிப் போடறது?

ஆங். தெரிஞ்சுதுங்களா உங்களுக்கு? சோபாவுக்குள்ள? ஒண்ணுதான். பொறுங்க, இன்னொண்ணு வருதான்னு பாக்கலாம்.

வரலை. ஒண்ணுதான். வெளிய வந்துட்டா.

சரி, அந்த ஒயரை எடுங்க. இப்பப் போடலாம்.